முகட்டு ஓட்டில் கை வைக்கும் முன்

பிரிட்டனில் 1880க்கும் 1910க்கும் இடையில் கட்டிய செங்கல் வீடுகளைத் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பாருங்கள். கூரையின் இரண்டு சரிவும் சந்திக்கும் முகட்டில் சேவல் கொண்டை போலச் சுடுமண் ஓடுகள் வரிசையாக நிற்கும். சிலவற்றில் பூவேலை, சிலவற்றில் வட்டத் துளைகள், சிலவற்றில் வெறும் பல்வரிசை. வரிசை முடிகிற நுனியில் ஒரு குமிழ் அல்லது ஈட்டி இருக்கும். வசதியானவர் கட்டிய வீடென்றால் வாயைப் பிளந்த டிராகன்கூட உட்கார்ந்திருக்கும். லண்டனில் ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், வோல்தம்ஸ்டோ, டூட்டிங் என்று தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியேறிய இடங்களில் இந்தக் காலத்து வீடுகள் தெருத்தெருவாக உண்டு. வீடு வாங்கும்போது குளியலறையைப் பார்ப்போம், சமையலறையைப் பார்ப்போம், பாடசாலை எவ்வளவு தூரம் என்று விசாரிப்போம். முகட்டைப் பார்ப்பவர் குறைவு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நூறு குளிர்காலம் கண்ட முகட்டு ஓட்டுக்கு வயதைவிடப் பெரிய பகை, அவசரத்தில் பூசும் சீமெந்து. அந்த அவசரத்தின் செலவு பூசியவரைச் சேராது, வீட்டுக்காரரைச் சேரும். காப்புறுதி நிறுவனத்தின் மறுப்புக் கடிதமாக வரலாம், அயலவரின் நட்டஈட்டு வழக்காக வரலாம், கவுன்சிலின் நோட்டீஸாகவும் வரலாம்.

ஓடு அங்கே வந்த வழி

இந்த வீடுகளின் கூரை பெரும்பாலும் வேல்ஸ் நாட்டுச் சிலேட். கரையோரக் கப்பல்களில் ஏற்றிச் சென்ற சிலேட் மீதான வரி 1831இல் நீங்கியது. பின்னர் ரயில் பாதைகள் வந்தன. பெத்தெஸ்டா, லான்பெரிஸ், ஃபெஸ்டினியோக் பகுதிகளில் வெட்டிய சிலேட் நாடு முழுவதும் மலிவாகப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சுரங்க நிலப்பரப்பை 2021இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

சிலேட் வளையாத கல். இரண்டு சரிவின் சிலேட்டும் உச்சியில் சந்திக்கும் இடத்தில் ஒரு நீண்ட இடைவெளி விழும். அதை மூட ஈயத் தகடு வேண்டும், இல்லையேல் கூரைபோல மடிந்த சுடுமண் ஓடு வேண்டும். இங்கிலாந்தில் கொண்டை வைத்த முகட்டு ஓடுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இருந்தன. விக்டோரியா காலத்தில் கோதிக் பாணிக்கு மீண்டும் மவுசு வந்தபோது அந்தப் பழைய கொண்டையும் திரும்பி வந்தது. இம்முறை அது தொழிற்சாலைச் சரக்கு. வட வேல்ஸின் ருவாபன் பகுதியில் ஜே. சி. எட்வர்ட்ஸின் ஆலைகள் சிவப்புச் சுடுமண் சாமான்களை மலைமலையாகச் செய்தன. ஸ்டஃபர்ட்ஷயர் சூளைகளில் காற்றைக் குறைத்து அதிக வெப்பத்தில் சுட்டு எடுத்த நீல ஓடு வந்தது. சமர்செட்டின் பிரிட்ஜ்வாட்டரும் ஓட்டுக்குப் பேர்போன ஊர். வீடு கட்டியவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்து மாதிரியைத் தெரிந்தெடுத்து, கூரைச் சரிவுக்குப் பொருந்தும் கோணத்தைச் சொல்லி வாங்கினார்கள்.

சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள வேறுபாடு அழகோடு முடிவதில்லை. நீல ஓடு இறுகியது, தண்ணீரை அதிகம் குடிக்காது. சிவப்பு ஓடு நுண்துளை கூடியது, மழையை உறிஞ்சிப் பிறகு காற்றில் காயவிடும். காயும் வழி திறந்திருக்கும்வரை அதனால் கேடில்லை. அந்த வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த எச்சரிக்கையின் மையம்.

ஓட்டின் கீழே என்ன இருக்கிறது

முகட்டு ஓடு ஒன்றை இறக்கிக் கவிழ்த்துப் பார்த்தால் அதன் வேலை விளங்கும். நீளம் வழக்கமாக 12 அங்குலம் அல்லது 18 அங்குலம். பெரியது, கொண்டையும் சேர்ந்தது என்றால் ஐந்து கிலோ அளவில் இருக்கும். மேற்புறம் மழையில் கறுத்து, பாசி பிடித்திருக்கும். உட்புறம் சூளையில் இருந்து வந்த அதே செம்மண் நிறத்தோடு புதிதாகவே இருக்கும். சில ஓடுகளில் உட்புறத்தில் ஆலையின் முத்திரை தெரியும். இரண்டு நீள விளிம்புகளிலும் விரலளவு பட்டையாக வெளிறிய சாந்து ஒட்டியிருக்கும். நடுப்பகுதி வெறுமையாக இருக்கும்.

அந்த வெறுமை தெரிந்தே விட்டது. பழைய கூரைக்காரர்கள் ஓட்டின் இரண்டு விளிம்புக்கும், பக்கத்து ஓட்டோடு சேரும் பொருத்துக்கும் மட்டும் சாந்து வைத்தார்கள். நடுவில் காற்று ஓடியது. கைமரமும் சிலாகையும் அந்தக் காற்றில் உலர்ந்தன. வைத்த சாந்து பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு ஓட்டைவிட மென்மையானது. கூரை மரம் கோடையில் சுருங்கிக் குளிர்காலத்தில் ஊதும்போது அந்தச் சிறு அசைவுக்கு அது இசைந்து கொடுக்கும். வெடிப்பு விழுவதென்றால் சாந்தில் விழும், ஓட்டில் விழாது. ஐம்பது, அறுபது ஆண்டு கழித்துச் சாந்து உதிர்ந்தால், ஓட்டை உடையாமல் எடுத்து, சுரண்டித் துடைத்து, மறுபடி அதே இடத்தில் பதிக்கலாம். சாந்து தேயும், ஓடு நிலைக்கும் என்பதே அந்தக் கட்டுமானத்தின் கணக்கு.

இதில் சீமெந்து புகுந்ததும் கணக்கு தலைகீழாகிறது. கடினச் சீமெந்துச் சாந்து காயும்போது சுருங்கி, ஓட்டுக்கும் தனக்கும் இடையில் மயிரிழை போன்ற வெடிப்பை விடும். மழைநீர் அந்த வெடிப்புக்குள் நுண்புழை ஈர்ப்பால் ஏறிவிடும். ஏறிய நீர் வெளியேறச் சீமெந்து எளிதில் வழிவிடாது, ஆகவே பக்கத்தில் இருக்கும் நுண்துளைச் சுடுமண்ணுக்குள் போய்த் தங்கும். நீர் உறையும்போது அதன் கனவளவு சுமார் 9 வீதம் கூடும். ஈரம் நிரம்பிய சிவப்பு ஓடு அந்த விரிவைத் தாங்காது. முதலில் மேற்தோல் செதில் செதிலாக உரியும், பிறகு கொண்டையின் அடியில் கீறல் விழும், பிறகு ஒரு நாள் கொண்டை மட்டும் கழன்று பீலிக்குள் கிடக்கும்.

இன்னொரு கேடு பிறகுதான் தெரியும். சீமெந்து சில இடத்தில் விட்டுப்போனாலும் மற்ற இடத்தில் ஓட்டைவிட வலுவாகப் பிடித்திருக்கும். அடுத்த முறை பழுதுபார்க்க வருபவர் அந்த ஓட்டைக் கழற்ற முயன்றால் சாந்து விடாது, ஓடுதான் உடையும். நூறாண்டு ஓட்டுக்கு அதுவே கடைசிப் பழுதுபார்ப்பாகிவிடும்.

நுனியில் நிற்கும் குமிழுக்கும் ஈட்டிக்கும் தனி ஆபத்து. சிலவற்றை உள்ளே இரும்புக் கம்பி செருகி நிறுத்தியிருப்பார்கள். ஈரம் பட்டு இரும்பு துருப்பிடித்தால் அந்தத் துரு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். சுடுமண் உள்ளிருந்து பிளக்கும். வெளியே தெரிவது ஒரு மெல்லிய செங்குத்துக் கீறல் மட்டுமே.

காற்று தள்ளுவதில்லை, தூக்குகிறது

புயல் வந்தால் ஓட்டைக் காற்று தள்ளி விழுத்துகிறது என்று நினைக்கிறோம். முகட்டில் நடப்பது வேறு. சரிவில் மேலேறும் காற்று உச்சியைத் தாண்டும்போது வேகம் கூடி, மறுபக்கத்தில் உறிஞ்சும் விசையை உண்டாக்குகிறது. ஓடு மேல்நோக்கி இழுபடுகிறது. இந்த இழுவை முகட்டிலும் கூரையின் ஓரங்களிலும் கடுமை. இரண்டும் சேருகிற முகட்டு நுனியில் அது இன்னும் கடுமை. அலங்கார ஈட்டியும் குமிழும் நிற்பது அந்த நுனியில்தான். கொண்டை உயரமான ஓடு, தட்டை ஓட்டைவிட அதிகக் காற்றை வாங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாடி வீட்டின் முகடு ஏறக்குறைய எட்டு மீற்றர் உயரம். எட்டு மீற்றரில் இருந்து தடையின்றி விழும் பொருள் நிலத்தைத் தொடும்போது மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். ஐந்து கிலோ சுடுமண் அந்த வேகத்தில் நடைபாதையில் விழுவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும்.

தென் இங்கிலாந்துக்குப் பெரும்புயல் புதிதல்ல. 1987 ஒக்டோபர் 15, 16 இரவில் வீசியது ஒன்று. 1990 ஜனவரி 25இல் வீசிய புயலில் பிரிட்டனில் 47 பேர் இறந்தார்கள். அது பகல் வேளை, ஆட்கள் வெளியே நடமாடிய நேரம். 2022 பெப்ரவரி 18இல் யூனிஸ் புயலின்போது வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல் வேகக் காற்றுப் பதிவானது. இங்கிலாந்தில் அதற்கு முன் அவ்வளவு பதிவானதில்லை.

யூனிஸுக்கு முன்னரே பிரிட்டிஷ் நியமம் மாறியிருந்தது. கூரை வேலைக்கான பிஎஸ் 5534 என்ற நியமத்தை 2014இல் திருத்தி வெளியிட்டபோது, முகட்டு ஓட்டைச் சாந்தை மட்டும் நம்பிப் பதிக்கக்கூடாது, திருகாணியோ கிளிப்போ போன்ற இயந்திரப் பிடி ஒவ்வொரு ஓட்டுக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நியமம் என்பது சட்டம் அல்ல. பழைய வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஓடுகளை உடனே மாற்று என்றும் அது சொல்லவில்லை. ஆனால் முகட்டை முழுதாகக் கழற்றிப் புதிதாகப் பதிக்கும்போது, வேலை ஒழுங்காக நடந்ததா என்று அளக்கும் கோல் அதுதான். இன்றும் வெறும் சீமெந்தை அப்பிவிட்டு இறங்கிவிடுகிறவர் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு நியமத்தை மீறிப் போகிறார் என்பதை வீட்டுக்காரர் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய ஓட்டில் திருகாணிக்குத் துளை இருக்காது. சுத்தியல் அடிக்காத சாதாரணச் சுழற்சியில், கூரான துளைக்கோலால், மெதுவாகத் துளையிட வேண்டும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை, கீழே முகட்டு நெடுகப் பொருத்திய மரச்சட்டத்தில் இறக்க வேண்டும். இது பொறுமையான வேலை. ஏணியில் ஒற்றைக் காலில் நின்று செய்கிற வேலை இல்லை.

கதவைத் தட்டுகிறவர்

"எதிர்வீட்டுக் கூரையில் வேலை செய்கிறோம். மேலே நின்று பார்த்தபோது உங்கள் முகட்டு ஓடு இரண்டு ஆடுவது தெரிந்தது. ஏணி வான் வண்டியிலேயே இருக்கிறது, இப்பவே சரி பண்ணித் தரலாம்."

லண்டனில் பழைய வீட்டில் இருப்பவர்கள் பலருக்கும் இந்த வசனம் பழக்கமானது. ஆள் மாறுவார், வசனம் மாறாது. முகட்டு ஓடு இவர்களுக்கு வாய்ப்பான பொருள். வீட்டுக்காரரால் ஏறிப் பார்க்க முடியாது, சொன்னதை நம்ப வேண்டும். ஆடாத ஓட்டையும் மேலே போனபின் ஆட்டிவிட முடியும். கைப்பேசியில் காட்டும் படம் உங்கள் கூரைதானா என்று உறுதிசெய்ய வழியில்லை. பெரும்பாலும் வயதானவர் தனியே இருக்கும் பகல் நேரத்தில் வருவார்கள்.

இப்படி வந்தவர்கள் செய்யும் வேலை வழக்கமாக இரண்டு வகை. முதலாவது, பழைய சாந்தை எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சீமெந்தைப் பூசுவது. கீழே இருந்து பார்க்கப் புதிதாகத் தெரியும். உள்ளே உதிர்ந்த சாந்து உதிர்ந்தபடியே கிடக்கும். ஒன்றிரண்டு குளிர்காலத்தில் பூச்சு பட்டையாகக் கழன்றுவிடும். இரண்டாவது, "இந்தப் பழைய ஓடு இனிச் சரிவராது" என்று கொண்டை ஓடுகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அரைவட்டக் கொன்கிரீட் ஓட்டை வைப்பது. இறக்கிய பழைய ஓடுகள் குப்பை என்று சொல்லி அவர்களின் வான் வண்டியில் ஏறும். பழைய கட்டடப் பொருள் விற்கும் முற்றங்களில் அதே வகை ஓடுகளுக்கு நல்ல விலை உண்டு. வீட்டுக்காரர் கழற்றுக்கூலியும் கொடுத்து, ஓட்டையும் இனாமாகக் கொடுத்து அனுப்புகிறார்.

சட்டம் இந்த இடத்தில் ஓரளவு துணை நிற்கிறது. வீட்டு வாசலில் பேசி முடித்த 42 பவுணுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்துச் செய்யும் உரிமையை 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் கொடுக்கின்றன. அந்த உரிமையை வேலைக்காரர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆனால் ஒரு பொறி உண்டு. "14 நாள் காத்திருக்க வேண்டாம், இன்றே தொடங்குங்கள்" என்று நீங்கள் எழுத்தில் கேட்டுக்கொண்டால், ரத்துச் செய்யும் முன் நடந்த வேலைக்குப் பணம் கொடுக்க நேரும். வேலை முடிந்துவிட்டால் உரிமையே போய்விடும். நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

காப்புறுதி எங்கே கைவிரிக்கும்

புயலில் ஓடு விழுந்தால் காப்புறுதி கொடுக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. காப்புறுதிப் பத்திரங்கள் புயல் சேதத்தை ஏற்கும், தேய்மானத்தை ஏற்காது. பிரிட்டிஷ் காப்புறுதியாளர் சங்கத்தின் வரையறைப்படி, காற்றைப் பொறுத்தவரை அதன் வீச்சு மணிக்கு 55 மைலையாவது எட்டினால்தான் அது புயல். தகராறு நிதிக் குறைகேள் அலுவலகத்துக்குப் போனால் அங்கே மூன்று கேள்வி கேட்பார்கள். அந்த நாளில் புயல் நிலைமை இருந்ததா? சேதம் புயல் ஏற்படுத்தும் வகையைச் சேர்ந்ததா? சேதத்துக்கு முதன்மைக் காரணம் புயல்தானா?

முகட்டு ஓட்டு வழக்குகள் தடுக்கி விழுவது மூன்றாவது கேள்வியில். காப்புறுதி அனுப்பும் சர்வேயர் விழுந்த ஓட்டின் விளிம்பைப் பார்ப்பார். அதில் பச்சைப் பாசியும் தூசியும் படிந்திருந்தால், அந்தப் பொருத்து புயலுக்குப் பல மாதம் முன்னரே விட்டுப்போனது என்று எழுதுவார். பக்கத்தில் மேற்பூச்சுச் சீமெந்து இருந்தால், தரக்குறைவான வேலை என்று இன்னொரு வரியும் சேரும். காற்று நூறு மைல் வேகத்தில் வீசியிருந்தாலும் அந்த இரண்டு வரியைத் தாண்டுவது கடினம்.

விழுந்தது அடுத்தவர் மேல் என்றால்

நூறாண்டுக்கு மேற்பட்ட ஆங்கிலத் தீர்ப்பு ஒன்று இன்றும் பாடமாக இருக்கிறது. 1876இல் முடிவான டாரி எதிர் ஆஷ்டன் வழக்கில், கட்டடம் ஒன்றில் இருந்து தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த விளக்கு, நடந்து போனவர் மீது விழுந்தது. அதைப் பழுதுபார்க்கத் தேர்ந்த ஆள் ஒருவரை ஏற்கெனவே அமர்த்தியிருந்தேன் என்றார் கட்டடத்தில் இருந்தவர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தெருவுக்கு மேலே ஆபத்தான பொருளை வைத்திருப்பவர், அதைப் பேணும் கடமையை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு விலக முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

1940இல் ரிஞ்ச் எதிர் கோஹன் வழக்கில் இது இன்னும் கூர்மையானது. பராமரிப்பில்லாத வீட்டின் பக்கச்சுவர் இடிந்து பக்கத்துக் கடை மீது விழுந்தது. தெருவோரக் கட்டடம் பழுதடைந்து ஆபத்தாகிச் சேதம் விளைவித்தால், பழுதுபார்க்கும் பொறுப்புடையவர் அதை அறிந்திருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இந்த இரண்டாவது தீர்ப்பை மனதில் வைப்பது நல்லது. "எனக்குத் தெரியாது" என்பது எப்போதும் காப்பாற்றாது.

விழும் முன்னரே கவுன்சில் தலையிடவும் முடியும். ஆபத்தான கட்டடத்தில் உடனடி நடவடிக்கை எடுத்து, செலவை உரிமையாளரிடம் அறவிட 1984ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. நடுப்பகுதி லண்டனுக்கு இதே நோக்கில் 1939ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியே உண்டு.

பழைய வீட்டைப் பிரித்த ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு வேறு சிக்கல். கூரை பெரும்பாலும் நில உரிமையாளருடையது. நீங்கள் ஆள் பிடித்து ஏற்றினால் அடுத்தவர் சொத்தில் கை வைத்தவர் ஆவீர்கள். அவர் செய்வித்தால் உங்கள் பங்கு 250 பவுணைத் தாண்டும்போது, 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி முதலில் உங்களிடம் கலந்து பேச வேண்டும். முகட்டு வேலையில் ஓட்டு விலையைவிடச் சாரக்கட்டுச் செலவு பெரிதாக வரும், ஆகவே அந்த எல்லை எளிதில் தாண்டிவிடும்.

கொண்டையை எடுக்கவும் அனுமதி வேண்டியிருக்கும்

பாதுகாப்புப் பகுதி என்ற ஏற்பாடு 1967இல் வந்தது. இங்கிலாந்தில் இன்று ஏறக்குறைய பத்தாயிரம் பகுதிகள் அப்படி அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் கவுன்சில்கள் நான்காம் பிரிவுக் கட்டளை ஒன்றைப் பிறப்பித்து, முகப்பு, யன்னல், கூரை மாற்றங்களுக்குத் திட்ட அனுமதியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அந்தத் தெருவில் கொண்டை ஓட்டை எடுத்துவிட்டுக் கொன்கிரீட் ஓடு வைத்தால், பழையபடி வைக்கச் சொல்லி நோட்டீஸ் வரலாம். இருந்த மாதிரியே பழுதுபார்ப்பதற்கு வழக்கமாக அனுமதி தேவைப்படாது.

பட்டியலிட்ட கட்டடம் என்றால் நிலைமை கடுமை. அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்தை அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எல்லையற்ற அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். திருத்தச் சொல்லும் நோட்டீஸுக்குக் கால எல்லை கிடையாது. முந்திய உரிமையாளர் செய்த மாற்றமானாலும் நோட்டீஸ் இன்றைய உரிமையாளர் பெயருக்கு வரும். வாங்கும் முன் பழைய படத்தையும் இன்றைய முகட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சட்டத்தரணியிடம் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

உடைந்த ஓட்டுக்கு அதே மாதிரி புதிது செய்ய முடியும். ஸ்டஃபர்ட்ஷயர் பக்கத்தில் இன்னும் சூளைகள் எரிகின்றன. ஆனால் ஈரக்களிமண் காய்ந்து சுட்டு முடியும்போது பத்தில் ஒரு பங்கு அளவில் சுருங்கிவிடும். பழைய ஓட்டில் நேரடியாக அச்செடுத்து வார்த்தால் புதியது சிறிதாக வரும். ஆகவே அச்சைப் பெரிதாகச் செதுக்க வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். "நாளைக்கே கொண்டு வருகிறேன்" என்பவர் கொண்டு வருவது வேறு ஓடு. கோணமும் பொருந்த வேண்டும். கூரைச் சரிவு 35 பாகை என்றால் முகட்டின் கோணம் 110 பாகை. 90 பாகை ஓட்டை அதில் வைத்தால் விளிம்பு சரிவில் படியாது, இடைவெளியைத் தடித்த சாந்தால் நிரப்புவார்கள், தடித்த சாந்து முதலில் உதிரும்.

யாரும் எதிர்பாராத இன்னொரு சட்டமும் முகட்டில் காத்திருக்கிறது. பிபிஸ்ட்ரெல் என்ற சிறு வௌவால் ஐந்து கிராம் அளவுதான் இருக்கும். சாந்து உதிர்ந்த இரண்டு சென்றிமீற்றர் இடைவெளி அதற்கு வாசல். பிரிட்டனில் எல்லா வகை வௌவாலுக்கும், அது தங்காத நேரத்தில் அதன் இருப்பிடத்துக்கும்கூட, சட்டப் பாதுகாப்பு உண்டு. இருப்பிடத்தை அடைப்பதும் அழிப்பதும் குற்றம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. பரணில் எலிப்புழுக்கை போன்ற, ஆனால் விரலால் நசுக்கினால் தூளாக உதிரும் எச்சம் கிடந்தால், கூரைக்காரரை அழைக்கும் முன் வௌவால் பற்றி ஆலோசனை கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது

ஏணி வைக்காதீர்கள். பிரிட்டனில் வேலையிடத்து மரணங்களில் உயரத்தில் இருந்து விழுவதே முதற்காரணம், அதுவும் தொழில் தெரிந்தவர்களுக்கு. நிலத்தில் நின்றே பெரும்பகுதியைப் பார்க்கலாம். இலையுதிர் காலம் தொடங்கும் முன் ஒருமுறை, பெருங்காற்றுக்குப் பிறகு ஒருமுறை, கைப்பேசியில் முகட்டைப் பெரிதாக்கிப் படமெடுத்து நாளோடு சேமித்து வையுங்கள். காப்புறுதித் தகராறில் வரும் அந்த மூன்றாவது கேள்விக்கு இந்தப் படம்தான் பதில். பொருத்துகளில் புல் முளைத்திருந்தால், குமிழ் சாய்ந்திருந்தால், பீலியில் சாந்துத் துண்டு கிடந்தால், பகலில் பரணில் விளக்கை அணைத்ததும் உச்சியில் வெளிச்சம் தெரிந்தால், தேர்ந்த கூரைக்காரரை நீங்களே தேடி அழைக்கும் நேரம் வந்துவிட்டது.

முகட்டுக் கோடு நடுவில் தொய்ந்திருந்தால் பிரச்சினை ஓட்டுக்குக் கீழே இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் 1970, 1980களிலும் பல வீடுகளில் சிலேட்டை எடுத்துவிட்டு, அதைவிட நிறை கூடிய கொன்கிரீட் ஓடு வேய்ந்தார்கள். கூரையின் சுமை 15 வீதத்துக்கு மேல் கூடினால் கைமரங்களின் பலத்தைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது இன்றைய கட்டட வழிகாட்டல். அன்று பலர் பார்க்கவில்லை. தொய்கிற முகட்டில் எந்தச் சாந்தும் நிற்காது. அங்கே முதலில் வர வேண்டியவர் கட்டமைப்புப் பொறியியலாளர்.

மேலே ஏறிய கூரைக்காரர் ஒவ்வொரு ஓட்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். மணிபோல ஒலித்தால் நல்ல ஓடு. மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல். நல்லவற்றை மீண்டும் பதிக்கலாம், மற்றவற்றை மட்டும் மாற்றினால் போதும். பனி உறையும் காலத்தில் சுண்ணாம்புச் சாந்து வேலை செய்யக்கூடாது. வெப்பநிலை 5 பாகை செல்சியஸுக்கு மேலே நிலைத்து நிற்கும் மாதங்களே அதற்கு ஏற்றவை. டிசம்பரில் அவசரப்படுத்துகிறவரிடம், ஆபத்தான ஓட்டை மட்டும் பத்திரமாக இறக்கி, இடைவெளியைத் தற்காலிகமாக மூடிவிட்டு, ஏப்ரலில் வரச் சொல்லுங்கள். இறக்கிய ஓடு உங்கள் தோட்டத்தில் இருக்கட்டும்.

வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் நான்கு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். பழைய சாந்தை முழுதாக எடுப்பீர்களா, மேலே பூசுவீர்களா? எந்தச் சாந்து? ஒவ்வொரு ஓட்டுக்கும் என்ன பிடி? கழற்றிய ஓடுகள் எங்கே போகும்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தராதவரை உங்கள் சுவரில் ஏணி சாய்க்க விடாதீர்கள்.